அறுபத்தேழாவது நிமிடம்

அத்தியாயம் பதினொன்று

வியாழக்கிழமை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்தது. வெள்ளிக்கிழமை வீடு கழுவியாயிற்று. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் தில்லையம்பலத்தின் தொலைபேசிக்கு வந்துவிட்டது அந்த வாட்ஸ்அப் செய்தி.

வாண்டில் டவுன் கால்பந்துக் கழக ரசிகர்களின் குழு அது. நூற்றுப் பதினான்கு பேர். அதில் தமிழர் இரண்டே பேர்தான் இருந்தார்கள்: தில்லையம்பலமும் சபாரத்தினமும். ஒரு மாதத்துக்கு முந்திய செவ்வாய்க்கிழமை, பஸ் டிப்போவில் தேநீர்க் கோப்பையோடு கதிரையில் இருந்த சபாரத்தினம் திரும்ப எழும்பவில்லை. இப்போது தமிழர் ஒருவர்தான்.

செய்தி போட்டிருந்தவர் ரசிகர் சங்கச் செயலாளர் மோரீன். இன்றைய ஆட்டத்தின் அறுபத்தேழாவது நிமிடத்தில் நம்முடைய சபாவுக்காக எல்லோரும் எழுந்து கைதட்டுவோம் என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார்: செத்தவீட்டில் தந்த புத்தகத்தில் வயது அறுபத்திரண்டு என்றல்லவா போட்டிருந்தது? மோரீனின் பதிலும் இருந்தது. தில்லையிடமே கேட்டேன், அறுபத்தேழு என்று அவர்தான் சொன்னார்.

தில்லையம்பலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தரம் வாசித்தார். அதேதான் இருந்தது.

இந்த நாட்டுக் கால்பந்து மைதானங்களில் இது ஒரு வழக்கம். ரசிகர் ஒருவர் இறந்துபோனால், அவருடைய வயது எத்தனையோ அத்தனையாவது நிமிடத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கவே எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் கைதட்டுவார்கள். நாற்பதில் போனவருக்கு நாற்பதாவது நிமிடம். எண்பதில் போனவருக்கு எண்பதாவது. தொண்ணூறைத் தாண்டினவர்களுக்கு என்ன செய்வீர்கள் என்று சபாரத்தினம் ஒருமுறை கேட்டதற்கு, நடுவர் மேலதிக நேரம் தரும்வரை பிரார்த்திப்போம் என்றார் மோரீன். அந்தப் பதிலை ஒரு வாரம் எல்லோருக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார் சபாரத்தினம்.

சிக்கல் என்னவென்றால், சபாரத்தினத்துக்கு இரண்டு வயது.

எண்பத்தேழாம் ஆண்டு லண்டனில் வந்து இறங்கியபோது அவருக்கு இருபத்தொன்பது. கையிலிருந்த பேப்பர்களில் இருபத்துநான்கு. வெளிநாட்டுக்கு அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரன் போட்ட திகதி என்று தில்லையம்பலத்திடம் சொல்லியிருந்தார். அகதி விண்ணப்பம், விசா, பாஸ்போட், பஸ் ஓட்டும் அனுமதிப் பத்திரம் என்று எல்லாவற்றிலும் அந்தத் திகதியே ஏறிக் குந்திக்கொண்டது. பிறகு அதை இறக்குவது யார்?

அதன் வலியைக் கடைசிக் காலத்தில்தான் தில்லையம்பலம் கண்டார். தான் வேலையை விட்டு, நூலகத்துப் புத்தகங்களோடு வீட்டில் இருக்க, சபாரத்தினம் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பஸ் ஓட்டப் போனார். முழங்கால் வீங்கியிருந்தது. ஓய்வெடுக்கச் சொன்னால் ஒரே பதில்தான். உடம்பு ரிட்டயராகிப்போச்சு, பேப்பர் இன்னும் ரிட்டயராகேல்லை.

போன திங்கட்கிழமை மோரீன் தொலைபேசியில் அழைத்து, சபாவுக்கு என்ன வயது என்று கேட்டபோது, தில்லையம்பலம் அந்த முழங்காலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். அறுபத்தேழு என்று வாய் சொல்லிவிட்டது. தொலைபேசியை வைத்த பிறகும் உறைக்கவில்லை. இன்று, எழுத்தில் கண்டபோதுதான் உறைத்தது.

மனைவி அஜந்தாவிடம் முழுக்கதையையும் சொன்னார். அவர் புட்டுக் குழலை அப்படியே வைத்துவிட்டு வந்து முன்னால் உட்கார்ந்தார். சபாரத்தினத்தின் வயதைவிட, முப்பது வருடமாகத் தன்னிடம் இதை மறைத்ததுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

"அப்ப உங்கட வயசு?" என்று கேட்டார்.

"என்ர வயசு என்ர வயசுதான்."

"ஆர் கண்டது."

பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். சபாரத்தினத்தின் மனைவி தவநாயகி மைதானத்துக்குப் போய் எல்லாருக்கும் முன்னால் இந்த அறுபத்தேழைக் கேட்டு அறிவதைவிட, இவர் வாயால் முதலே அறிவது நல்லது. கோபித்தால் கோபிக்கட்டும் என்றார். தான் வரவில்லை, மழைக்குள் நின்று பந்து பார்க்கத் தன்னால் ஏலாது, ஆனால் பின்னேரம் என்ன நடந்தது என்று ஒன்றுவிடாமல் வந்து சொல்ல வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

தென் லண்டனின் மிச்சம் பகுதியில் இருந்த சபாரத்தினத்தின் வீட்டுக் கதவைத் திறந்தவள் மகள் சிவரூபினி. முப்பத்துமூன்று வயது. கவுன்சிலில், வீடு கேட்டு வரும் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் பிரிவில் வேலை. அப்பாவின் பச்சை வெள்ளைச் சால்வையைக் கழுத்தில் சுற்றியிருந்தாள்.

உள்ளே தவநாயகி குளிர் கோட்டுக்கு மேல் இன்னொரு கம்பளிப் போர்வை போட்டுத் தயாராக இருந்தார். முப்பது வருடத்தில் ஒருநாள்கூட அவர் அந்த மைதானத்தில் கால் வைத்ததில்லை. சனிக்கிழமைச் சக்களத்தி என்றுதான் அந்தக் கழகத்துக்கு அவர் வைத்திருந்த பெயர். கலியாண வீடு, பூப்புனித நீராட்டு, அரங்கேற்றம் எதுவானாலும் சனிக்கிழமை என்றால் சபாரத்தினத்தின் முகம் தொங்கிவிடும். இன்றைக்கு அவராகத்தான் வருகிறேன் என்றார். அந்த மனுசன் அங்கே என்னத்தைக் கண்டவர் என்று ஒருக்கா நானும் பார்க்க வேண்டும் என்றார்.

வீட்டில் வைத்துச் சொல்லத் தில்லையம்பலத்துக்கு வாய் வரவில்லை. சிவரூபினி பக்கத்திலேயே நின்றாள். தேநீர் வந்தது. அதையும் குடித்தார். ட்ராம் தரிப்புவரை நடந்தார்கள். அங்கேயும் சொல்லவில்லை.

ட்ராமில் கூட்டம். சிவரூபினி கதவடியில் நின்று தொலைபேசியில் யாருடனோ கதைக்கத் தொடங்கினாள். இருக்கை கிடைத்தது இரண்டு பெரியவர்களுக்கும்தான். இனியும் பிந்தினால் மைதானம் வந்துவிடும்.

"தங்கச்சி, நான் ஒரு பிழை விட்டிட்டன்" என்று தொடங்கினார்.

தவநாயகி எல்லாவற்றையும் கேட்டார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்.

"சாகும்வரைக்கும் ஆரும் அவரைக் காட்டிக் குடுக்கேல்லை அண்ணை. செத்தாப் பிறகு நீங்கள் குடுத்திட்டியள்."

காட்டிக் கொடுத்தல் என்ற சொல்லின் பாரம் போரைக் கண்ட அவர்களுடைய தலைமுறைக்குத் தெரியும். அதைச் சும்மா வாய்க்கு வந்தபடி எடுத்து வீசமாட்டார்கள். தில்லையம்பலத்துக்குக் காது இரண்டும் சுட்டது.

இறந்த மனிதனை இனி யார் பிடிக்கப் போகிறார்கள் என்று கேட்டார். அவரை யாரும் பிடிக்கமாட்டார்கள் என்பது தனக்கும் தெரியும் என்றார் தவநாயகி. கண் கதவடியில் நின்ற மகளிடம் போய் வந்தது.

"அவள் நாள் முழுக்க ஆக்களின்ர பேப்பரைப் பாக்கிறவள். பொய்த் திகதி போட்டவையை ஒரு நிமிசத்தில பிடிச்சிடுவன் எண்டு சொல்லுறவள். தேப்பனும் அப்பிடித்தான் எண்டு நான் எந்த வாயால சொல்லுறது?"

"அவன் களவெடுக்கேல்லைத் தங்கச்சி. உயிரைக் காப்பாத்திக்கொண்டு வந்தவன்."

"அது எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும். போய் அறுபத்திரெண்டு எண்டு மாத்தச் சொல்லுங்கோ."

தில்லையம்பலம் ஒருமுறை தொண்டையைச் செருமினார். அந்த ஐந்து வருடமும் அவன் வாழ்ந்த வருடங்கள்தானே, ஒரேயொரு நாள், ஒரேயொரு நிமிடமாவது அவனுடைய சொந்தக் கணக்கில் இருக்கட்டுமே என்று சொல்ல நினைத்தார். தவநாயகி முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டார். ட்ராம் நின்றது.

மைதானம் பெரியது ஒன்றுமில்லை. ஒரு பக்கம் தகரக் கூரை போட்ட இருக்கைகள், மற்றப் பக்கம் ஆற்றங்கரை மரங்கள், கோல் கம்பங்களுக்குப் பின்னால் சீமெந்துப் படிகள். வடக்குப் படியில், மூன்றாவது இரும்புத் தடுப்புக்குப் பின்னால்தான் இரண்டு நண்பர்களும் நிற்பார்கள். காரணம் கேட்டால் சபாரத்தினம் காற்றின் திசையைச் சொல்வார். உண்மையில் அங்கிருந்துதான் எதிரணிக் கோல்காப்பாளருக்குப் பேச்சு நன்றாகக் கேட்கும்.

மோரீன் வாசலிலேயே நின்றார். எழுபது வயதுக்கு மேல். கழக நிறத்தில் கம்பளித் தொப்பி. தவநாயகியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, நீங்கள் வந்தது எங்களுக்குப் பெருமை என்றார். அவர்களை உள்ளே போகவிட்டுத் தில்லையம்பலம் பின்தங்கினார். வயதைத் தான் பிழையாகச் சொல்லிவிட்டதாகவும், புத்தகத்தில் உள்ள அறுபத்திரண்டுதான் சரி என்றும் சொன்னார்.

மோரீன் அவரை உற்றுப் பார்த்தார். திங்கட்கிழமை உங்கள் குரலில் சந்தேகமே இருக்கவில்லையே என்றார். துக்கத்தில் தடுமாறிவிட்டேன் என்று தில்லையம்பலம் நிலத்தைப் பார்த்துச் சொன்னார். மோரீன் மேலே ஒன்றும் கேட்காமல், கையிலிருந்த அறிவிப்புத் தாளில் ஏழு என்ற இலக்கத்தை வெட்டி இரண்டு என்று எழுதினார். அந்தப் பேனாக் கீறலைத் தில்லையம்பலம் பார்த்துக்கொண்டு நின்றார். நண்பனைத் தன் கையாலேயே இன்னொரு முறை தாளுக்குள் அடைத்தது போலிருந்தது.

படியில் தவநாயகிக்கு யாரோ மடக்குக் கதிரை கொண்டுவந்து விரித்திருந்தார்கள். ஒவ்வொருவராக வந்து கை கொடுத்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் சொல்லிவைத்ததுபோல் ஒரே விசயத்துக்குத்தான் நன்றி சொன்னார்கள்: வடைக்கு.

தவநாயகிக்கு விளங்கவில்லை. சிவரூபினி மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் அவர் சுட்டுக் கொடுத்துவிடும் பருத்தித்துறைத் தட்டை வடையைச் சபாரத்தினம் இடைவேளையில் இந்தப் படி முழுக்கப் பங்கிடுவாராம். இங்கே அதற்கு சபா பிஸ்கட் என்று பெயராம். வடை முடிந்தால் அடுத்த கோல் வராது என்று ஒரு நம்பிக்கைகூட இருந்ததாம்.

தவநாயகி மெதுவாகத் தில்லையம்பலத்தின் பக்கம் திரும்பினார். ட்ராமுக்குப் பிறகு அவருடன் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"கிழமைக்கு அறுபது வடை. உங்களுக்கு விருப்பம் எண்டெல்லோ சொல்லிக் கொண்டுபோனவர்."

"எனக்குச் சீனி வருத்தத்தோட கொலஸ்ட்ரோலும் இருக்குத் தங்கச்சி. நான் ரெண்டுக்கு மேல தொட்டதில்லை."

"நானும் யோசிச்சனான், இந்த அண்ணை இவ்வளவத்தையும் திண்டிட்டு என்னெண்டு உயிரோட இருக்கிறார் எண்டு."

சிவரூபினி சிரித்துவிட்டாள். தவநாயகியின் உதட்டோரமும் கொஞ்சம் அசைந்தது. கோபம் போகவில்லை, ஆனால் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது.

ஆட்டம் தொடங்கியது. வாண்டில் டவுன் வழமைபோல் மோசமாக ஆடியது. எதிரணி வீரன் ஒருவன் விழுந்து உருண்டபோது, பின்னால் நின்ற சிவந்த முகக்காரர் ஒருவர், விடு நடிப்பை, எழும்படா என்று சுத்தத் தமிழில் கத்தினார். தவநாயகி திடுக்கிட்டுத் திரும்பினார். சபாரத்தினத்தின் குரலை அப்படியே இன்னொருவர் வாயில் கேட்டதில் அவருக்குக் கண் கலங்கியது. கத்தியவருக்கு அதன் பொருள் தெரியாது. நடுவர் விசில் ஊதாதபோது சொல்ல வேண்டிய வாசகம் என்று மட்டும் தெரியும்.

இடைவேளையில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எங்கள் சபாவுக்காக, அறுபத்திரண்டாவது நிமிடத்தில்.

அந்த நிமிடம் வந்தபோது எதிரணிக்கு மூலை உதை கிடைத்திருந்தது. மணிக்கூட்டில் இலக்கம் மாறியதும் மைதானம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. தகரக் கூரை அதிர்ந்தது. வீரர்களில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கவனக் குறைவில் உயர்ந்து வந்த பந்தை எதிரணிக்காரன் தலையால் முட்டி உள்ளே போட்டுவிட்டான்.

கைதட்டல் நிற்கவில்லை. நிறுத்தினால் மரியாதையில்லை. கோல் போட்டவன் முந்நூறு வாண்டில் டவுன் ரசிகர்கள் எழுந்து நின்று தன்னைப் பாராட்டுவதைக் கண்டு குழம்பி, நெஞ்சில் கை வைத்துத் தலை வணங்கினான். வடக்குப் படி விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்தபடியே அழுதது. கோல் கொடுத்துக்கொண்டு கைதட்டு வாங்கின ஒரே ஆள் என்ற பெருமை சபாவுக்குத்தான் என்றார் சிவந்த முகக்காரர்.

சிவரூபினி தலைக்கு மேலே கையை உயர்த்தித் தட்டிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. தில்லையம்பலமும் தட்டினார். உள்ளங்கை தட்டியது, மனம் தட்டவில்லை.

தவநாயகியின் கைகள் போர்வைக்குள்ளேயே இருந்தன. அவர் ஒருமுறைகூடத் தட்டவில்லை. கோபமாக்கும் என்று தில்லையம்பலம் நினைத்தார். முகத்தைப் பார்க்கத் துணியவில்லை.

கைதட்டல் ஓய்ந்தது. அறுபத்துமூன்று. அறுபத்துநான்கு. பந்து அங்கும் இங்கும் போனது. தில்லையம்பலம் பந்தைப் பார்க்கவில்லை, மணிக்கூட்டைப் பார்த்தார். அந்த நிமிடம் வரும்போது இரும்புத் தடுப்பை ஒருமுறை தொடுவது, அவ்வளவுதான் என்று தனக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டார். அது யாருக்கும் தெரியப்போவதில்லை. யாரையும் காட்டிக் கொடுக்கப்போவதும் இல்லை.

அறுபத்தாறு. மழை தூறத் தொடங்கியது. ஆட்கள் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டார்கள்.

அறுபத்தேழு என்று இலக்கம் மாறியது. தில்லையம்பலம் தடுப்பில் கை வைத்தார்.

பக்கத்தில் கதிரை கிறீச்சிட்டது. தவநாயகி எழுந்து நின்றுகொண்டிருந்தார். போர்வை தோளிலிருந்து நழுவிக் கதிரையில் விழுந்தது. இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே வைத்து, பஜனையில் தாளம் போடுவதுபோல ஒரே சீராகத் தட்டத் தொடங்கினார்.

சுற்றி நின்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிழவி ஆட்டத்தைத்தான் பாராட்டுகிறாளோ என்று பந்தைப் பார்த்தார்கள். பந்து வெளியே போயிருந்தது. இரண்டு படி கீழே நின்ற மோரீன் மட்டும் திரும்பித் தவநாயகியைப் பார்த்தார், பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். கையுறைகளைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டுத் தட்டத் தொடங்கினார்.

தில்லையம்பலம் தடுப்பிலிருந்து கையை எடுத்தார். அவருக்கு இப்போது உள்ளங்கை நோகும்வரை தட்ட வேண்டும் போலிருந்தது. தட்டினார். ஏன் எதற்கென்று தெரியாமல் சிவந்த முகக்காரரும் சேர்ந்தார். அவரைப் பார்த்து இன்னும் ஒரு பத்துப் பேர் சேர்ந்தார்கள். முதல் தடவை அதிர்ந்த தகரக் கூரை இந்த முறை அதிரவில்லை. தூறல் விழும் சத்தம் ஊடே கேட்டது.

"அம்மா, என்ன செய்யுறீங்கள்?" சிவரூபினி தாயின் தோளைத் தொட்டாள். "முதலே முடிஞ்சுதுதானே?"

தவநாயகி கையை நிறுத்தவில்லை. இலக்கம் அறுபத்தெட்டு ஆகும்வரை தட்டி முடித்தார். பிறகுதான் கையை இறக்கினார்.

"அப்பாவின்ர நிமிசம் இதுதான்" என்றார்.

சிவரூபினி பேப்பர் பார்த்துப் பழகியவள். அவளுக்குக் கணக்குப் போட நேரம் எடுக்கவில்லை. அப்பாவின் எல்லாப் பத்திரத்திலும் அறுபத்துமூன்றாம் ஆண்டு என்றுதானே இருக்கிறது என்று கேட்டாள்.

"பேப்பரில அப்பிடித்தான்."

அவள் சால்வையின் நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். அறுபத்தேழு வயதுக்காரரையா விடியக் காலையில் எழும்பி வேலைக்குப் போக விட்டோம் என்று அவள் கேட்டபோது, அதில் குற்றச்சாட்டு இருக்கவில்லை. சின்னப் பிள்ளையின் குரல் போலிருந்தது. தவநாயகி அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். பயந்திருந்த அந்த ஒன்று நடந்துவிட்டது. மகள் இன்னும் பக்கத்தில்தான் நிற்கிறாள்.

"மாமா, உங்களுக்கும் தெரியுமா?"

தெரியும் என்று தலையசைத்தார் தில்லையம்பலம். நண்பனுக்காகப் பரிந்து பேச இதைவிட நல்ல தருணம் வராது என்று அவருக்குப் பட்டது. அந்த நாளில் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருடைய கதை இதுதான் என்றும், ஏஜென்சிக்காரன் வாயில் வந்த ஏதோவொரு திகதியைச் சும்மா எழுதிவிட்டான் என்றும், அதில் உன் அப்பாவின் பிழை எதுவுமில்லை என்றும் விளக்கத் தொடங்கினார்.

"இல்லை அண்ணை" என்றார் தவநாயகி.

தில்லையம்பலம் நிறுத்தினார்.

"அது சும்மா எழுதின திகதி இல்லை. உங்களுக்கும் அவர் முழுக்கச் சொல்லேல்லை."

முப்பது வருடம். ஒரே தடுப்பு, ஒரே குடை, ஒரே வடைப் பெட்டி. தன்னிடம் சொல்லாத ஒன்று சபாரத்தினத்திடம் இருந்தது என்பதைத் தில்லையம்பலத்தால் உடனே விழுங்க முடியவில்லை. காலையில் அஜந்தா புட்டுக் குழலை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தது ஏனென்று இப்போது அவருக்கு விளங்கியது.

சிவரூபினியின் குரல் மிக மெல்லியதாக வந்தது.

"அப்ப மார்ச் ஒன்பதாம் திகதி ஒவ்வொரு வருசமும் நாங்கள் ஆருக்குக் கேக் வெட்டினனாங்கள்?"

தவநாயகி குனிந்து போர்வையை எடுத்து, நனைந்த பக்கத்தை உதறிவிட்டு, திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார்.

"இந்த விளையாட்டு முடியட்டும். வீட்டை போய்ச் சொல்லுறன். அண்ணை, நீங்களும் வாங்கோ. அஜந்தாக்காவையும் வரச்சொல்லுங்கோ. ஒருக்காத்தான் சொல்லுவன், ரெண்டாந்தரம் என்னால ஏலாது."

இன்னும் இருபத்திரண்டு நிமிட ஆட்டம் மிச்சமிருந்தது. வாண்டில் டவுன் அதற்குள் இரண்டு கோல் போட்டு வென்றதாகப் பிறகு சொன்னார்கள். தில்லையம்பலம் இரண்டையும் நேரே பார்த்துக்கொண்டுதான் நின்றார். ஒன்றையும் காணவில்லை.